அம்பாசிடர் வாங்கி ஓட்ட: எந்த இன்ஜின், என்ன பேப்பர், எவ்வளவு செலவு

"டீசல் போட்டிருக்குங்க. சும்மா காத்தாட்டம் போகும்." தாராபுரம் பக்கம் ஒரு புரோக்கர் இப்படிச் சொல்லித்தான் எனக்கு முதல் அம்பாசிடரை விற்றார். வண்டி காற்றாட்டம் போகவில்லை என்றாலும் நன்றாகத்தான் போனது. மூன்று மாதம் கழித்து ஆர்.சி. (பதிவுச் சான்று, பேச்சில் "புக்") புதுப்பிக்கக் கொண்டுபோனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்தார், புக்கைப் பார்த்தார், மறுபடி பானெட்டுக்குள் பார்த்தார். "புக்குல பெட்ரோல்னு இருக்குது. உள்ள டீசல் ஓடுது. இது எந்த வண்டிங்க?" என்றார். அதற்குப் பிறகு ஏழு மாதம் அந்த வண்டி எங்கள் தோட்டத்துச் சாளையில் கோழிகளுக்குக் கூண்டாக நின்றது.

அந்த ஏழு மாதமும் அலைந்து கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். பழைய வண்டியை வாங்கி வாராவாரம் வீதியில் ஓட்ட நினைப்பவர்களுக்கான குறிப்பு இது. கவர் போட்டு மூடி வைத்துத் துடைப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

1. இன்ஜினுக்கு முன்னால் இரண்டு கேள்விகள்

முதல் கேள்வி, எந்த ரோட்டில் ஓட்டப் போகிறீர்கள்? ஈரோடு, பெருந்துறை, திருப்பூர் என்று சமவெளியிலேயே சுற்றினால் எந்த இன்ஜினும் போதும். குடும்பத்தோடு வால்பாறை போகணும் என்றால் ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள். திம்பம் 27. கொல்லிமலை 70. அம்பாசிடர் ஆளில்லாமலே ஒரு டன்னைத் தாண்டும் வண்டி. ஐந்து பேரும் பைகளும் ஏறினால் எந்த இன்ஜின் என்பது அந்த மேட்டில்தான் தெரியும்.

இரண்டாவது கேள்வி என்னுடையதல்ல. கோபியில் ஒரு வயதான மெக்கானிக் கேட்டது. "தம்பி, எந்த இன்ஜின் நல்லதுன்னு எங்கிட்டக் கேக்காதீங்க. ரிப்பேர் ஆனா யார்கிட்டப் போவீங்க, அதச் சொல்லுங்க மொதல்ல." வண்டி தேடுவதற்கு முன் மெக்கானிக்கைத் தேடுங்கள். உங்கள் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் கார்புரேட்டர் கழற்றி மாட்டும் ஆள் இருக்கிறாரா, டீசல் பம்ப் பார்க்கும் பட்டறை இருக்கிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விசாரித்துவிடுங்கள். அந்தப் பதிலே பாதி முடிவு.

2. சந்தையில் கிடைக்கும் நான்கு இன்ஜின்கள்

*1.5 பெட்ரோல் (1489 சி.சி.)*

பழைய அம்பாசிடர்களில் அதிகம் கிடைப்பது இதுதான். சுமார் 50 குதிரைத்திறன். நான்கு கியர், பெரும்பாலும் ஸ்டியரிங் பக்கத்தில் ஹேண்ட் கியர். முதல்முறை வாங்குபவருக்கு என் சிபாரிசும் இதுவே. காரணம் வேகமல்ல. இதை அவிழ்த்து மாட்டிய கைகள் கொங்கு நாட்டில் இன்னும் இருக்கின்றன. கோவையில் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. போர் போட (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க), ஸ்லீவ் இறக்க (அதற்குள் புது உறை பொருத்த), கிராங்க் கிரைண்டிங் செய்ய வெளியூர் போக வேண்டியதில்லை.

இதில் கவனிக்க மூன்று விஷயம். ஒன்று, வால்வு சீட். இந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து வடிவமைப்பு. 2000-இல் இந்தியா முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) கழற்றாத வண்டி என்றால், எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேய்ந்து உள்ளே இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவே விடும் சந்து) திரும்பத் திரும்பக் குறைந்துகொண்டே போவது அதன் அடையாளம். கெட்டியான சீட் வளையம் போட்டால் தீரும். எனக்கு ஹெட் வேலை முழுக்க 12,000 ரூபாய் ஆனது.

இரண்டு, பின்பக்க ஆயில் கசிவு. வண்டி நின்ற இடத்தில் கைக்குட்டை அகலத்துக்கு ஆயில் இருந்தால் பயப்படாதீர்கள், இந்த இன்ஜினுக்கு அது பிறவிக்குணம். தாம்பாளம் அகலத்துக்கு இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

மூன்று, வெயில். சித்திரையில் ஈரோட்டு சிக்னலில் பத்து நிமிஷம் நின்றால் பெட்ரோல் லைனிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். பானெட்டுக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் கிளம்பும். டிக்கியில் ஒரு துணியும் தண்ணீர் பாட்டிலும் இல்லாமல் நான் வெளியே போவதில்லை.

மலை ஏறுமா? ஏறும், இரண்டாவது கியரில், பொறுமையாக. எனக்குக் கவலை இறக்கத்தில்தான். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டியை மூன்றாவது கியரில் இறக்கினால் பாதி மலையில் பெடல் அடியோடு போகும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

மைலேஜ் எனக்கு 9 முதல் 10 வரை.

*1.5 டீசல் (1489 சி.சி.)*

இதில் நாற்பது குதிரைத்திறன்கூடக் கிடையாது. சமவெளியில் சிக்கனம். கொல்லிமலையில் பின்னால் வரும் பஸ்காரர் உங்கள் பரம்பரையை விசாரிப்பார். டாக்சியாக ஓடித் தேய்ந்த வண்டிகள்தான் அதிகம் விற்பனைக்கு வருகின்றன. கிலோமீட்டர் மீட்டரை நம்பவே நம்பாதீர்கள். குளிர்காலையில் ஹீட்டர் பிளக் சரியில்லை என்றால் பேட்டரி தீரும்வரை சுற்றினாலும் பிடிக்காது. பம்ப், நாசில் வேலை தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் யோசியுங்கள். புகைச் சோதனையில் இந்தப் பழைய டீசல்களுக்கு வரம்பு 65 எச்.எஸ்.யு. (புகை எவ்வளவு அடர்த்தி என்று சொல்லும் அளவு). நாசில் தேய்ந்த வண்டி அதில் தேறாது.

*1.8 இசுசு பெட்ரோல் (1817 சி.சி.)*

ஜப்பானின் இசுசு கம்பெனி இன்ஜின், தொண்ணூறுகளில் வந்தது. சுமார் 75 குதிரைத்திறன், ஐந்து கியர், தரையில் கியர் லீவர். சேலம்–கோவை நான்கு வழிச்சாலையில் மற்றவர்களோடு சேர்ந்து ஓட்ட ஆசை இருந்தால் இதுதான் வண்டி. பவானி தாண்டி ஐந்தாவது கியர் போட்டு முதன்முதலாக ஓட்டியபோது, அம்பாசிடரா இது என்று எனக்கே சந்தேகம்.

ஆனால் ஹெட் அலுமினியம். ஒருமுறை கொதித்தால் வளைந்துவிடும். முந்தைய ஓனர் "ஒரு தடவ லேசா ஹீட் ஆச்சுங்க" என்று சொன்னால் ஹெட்டைக் கழற்றிப் பார்த்த பில் கேளுங்கள். அடுத்து பாகங்கள். இதே குடும்ப இன்ஜின்தான் அம்பாசிடர் கம்பெனியின் இன்னொரு காரான காண்டசா 1.8-லும் இருந்தது, காண்டசா வைத்திருப்பவர்களும் அதே ஹெட் கேஸ்கட்டையும் வாட்டர் பம்பையும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கண்ணில் பட்டால் இரண்டாக வாங்கி வையுங்கள். பிந்தைய வண்டிகள் சிலவற்றில் கார்புரேட்டருக்குப் பதில் எம்.பி.எஃப்.ஐ. (சென்சார் பார்த்து பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பு) இருக்கும். ஸ்டார்ட்டிங் சுகம், ஆனால் சென்சார் போனால் கோபி மெக்கானிக் கையை விரித்துவிடுவார்.

*2.0 இசுசு டீசல் (1995 சி.சி.)*

50-ஐ ஒட்டிய குதிரைத்திறன். நல்ல இழுவை. ஓட்டம் அதிகம் உள்ளவர்களுக்குச் சரிவரும். ஒரே எச்சரிக்கை: டைமிங் பெல்ட். அறுந்தால் இன்ஜின் போச்சு. மாற்றிய பில் இல்லையென்றால் வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள்.

3. புக்கும் இன்ஜினும் ஒன்றா? இங்கேதான் நான் விழுந்தேன்

அட்வான்ஸ் கொடுக்கும் முன், டார்ச் லைட்டும் ஒரு பழைய துணியும் கொண்டுபோய் இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் நீங்களே துடைத்துப் படியுங்கள். போட்டோ எடுங்கள். ஆர்.சி. புக்கோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். புக்கில் எரிபொருள் என்ன, சி.சி. என்ன என்பதையும் பாருங்கள். பிறகு அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாஹனில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

நம் பக்கம் பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் டீசல் இன்ஜினை இறக்கிய வண்டிகள் நிறைய. போட்டவர் நன்றாகவே போட்டிருப்பார். புக்கில் ஏற்றியிருக்க மாட்டார். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி இன்ஜின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும். மாற்றிவிட்டால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இருபது வருஷம் முன்னால் யாரோ மாற்றியதை இன்று நீங்கள் போய்ச் சொன்னால் முதல் கேள்வி, "இன்ஜின் வாங்கின பில் எங்க?"

என்னிடம் பில் இல்லை. பழைய பெட்ரோல் இன்ஜின் எந்தக் காயலான் கடையில் உருகியதோ தெரியாது. கடைசியில் வேறொரு 1.5 பெட்ரோல் இன்ஜினைப் பில்லோடும், அது வந்த வண்டியின் பேப்பர்களோடும் வாங்கி, அனுமதி கேட்டு, மாட்டி, காட்டி, புக்கில் நம்பர் ஏற்றினேன். இன்ஜின், மவுண்டிங், ரேடியேட்டர், கூலி எல்லாம் சேர்த்து 85,000. வண்டியே 1,40,000-க்குத்தான் வாங்கினேன்.

கேஸ் கிட் போட்ட வண்டிக்கும் இதே விதி. எல்.பி.ஜி. என்று புக்கில் ஏறியிருக்க வேண்டும். டிக்கியில் வீட்டுச் சிலிண்டருக்கான தாங்கி இருந்ததற்கு அடையாளம் தெரிந்தால் அந்த வண்டியை விட்டு வந்துவிடுங்கள். உயிர் சமாச்சாரம்.

4. காலையில், சொல்லாமல் போய்ப் பாருங்கள்

"பத்து மணிக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு எட்டு மணிக்குப் போங்கள். மரியாதை இல்லைதான். ஆனால் ஒருமுறை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்த இன்ஜின் எதையும் காட்டிக்கொடுக்காது. பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள்; சில்லென்று இருக்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் ஆயிலும் தண்ணீரும் கலக்கின்றன. உள்ளே வெள்ளைப் படலம் கட்டியிருந்தால் போர்வெல் உப்புத்தண்ணி ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். பல்லடம், காங்கயம் பக்கத்து வண்டிகளில் இதைக் கட்டாயம் பாருங்கள்; சமவெளியில் ஒன்றும் தெரியாது, மேட்டுப்பாளையம் தாண்டி ஏறும்போது கொதிக்கும்.

ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். நீலப் புகை நிற்காமல் வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள். லேசாக மூச்சு வரலாம். குபுகுபுவென்று புகை தள்ளினால் போர் வேலை வரப்போகிறது. ஏற்கெனவே எத்தனை சைஸ் போர் போட்டிருக்கிறது என்றும் கேளுங்கள். 60 சைஸ் பிஸ்டன் ஓடுகிறது என்றால் இனிமேல் கடைய இடமில்லை, அடுத்தது ஸ்லீவ்தான்.

அப்புறம் அரைமணி நேரம் ஓட்டுங்கள், ஒரு மேட்டிலாவது. சூடான பிறகு நிறுத்தி, ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் பிடிக்காத வண்டி பாதி வழியில் விட்டுப்போகும்.

5. யார் பேரில் இருக்கிறது?

இங்கே சிக்கல் வகைவகையாக வரும்.

ஓனர் உயிரோடு இருந்து, தமிழ்நாட்டுப் பதிவாகவும் இருந்தால் எளிது: படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று, உங்கள் முகவரிச் சான்று, பான், சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி. விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், நீங்கள் 30 நாளில் விண்ணப்பிக்க வேண்டும்.

தோட்டத்து வண்டிகள் பல இன்னும் அப்பாரு பேரிலேயே இருக்கும், அப்பாரு போய்ப் பத்து வருஷம் ஆகியிருக்கும். அப்போது முதலில் வாரிசு பேருக்கு மாற வேண்டும்: படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. நான்கு வாரிசு இருந்தால் நான்கு பேரும் சம்மதிக்க வேண்டும். ஒருத்தர் அமெரிக்காவில் இருப்பார். அந்த வேலையை விற்பவர் முடித்துக் கொடுத்த பிறகே முழுப் பணம் கொடுங்கள். "கையெழுத்துப் போட்ட பாரம் இருக்குதுங்க, நீங்களே மாத்திக்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அரசு ஏலத்தில் வந்த வண்டிக்குப் படிவம் 32-ம் ஏல ஆவணமும். பாலக்காட்டிலிருந்து வரும் கேரள வண்டிக்குப் படிவம் 28, அதாவது தடையில்லாச் சான்று. அதோடு இங்கே வரி கட்ட வேண்டும் என்பதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் போர்டு டாக்சி என்றால் சொந்த வண்டியாக மாற்றிய பிறகே வாங்குங்கள். பழைய கடன் பதிவு புக்கில் இருந்தால் அதை நீக்கப் படிவம் 35. எண்பதுகளில் கடன் கொடுத்த பைனான்ஸ் இன்று இருக்கிறதா என்பது வேறு கதை.

மூன்றெழுத்துப் பழைய நம்பர் வண்டிகள் சில ஆன்லைனில் வரவே வராது. ஒரிஜினல் புக்கோடு அலுவலகத்துக்குப் போய்ப் பழைய பதிவை ஏற்றச் சொல்லிய பிறகுதான் மற்ற விண்ணப்பங்கள் நகரும். எனக்கு இதற்கே ஐந்து வாரம் ஆனது.

6. ஆர்.சி. புதுப்பித்தல்: செலவை முன்பே கழியுங்கள்

சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம், அப்புறம் ஐந்தைந்து வருஷமாக நீட்டிப்பு. படிவம் 25. முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே கொடுக்கலாம். வண்டியை நேரில் காட்ட வேண்டும். 2022 ஏப்ரலில் இருந்து கட்டணம் 5,000. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி, 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000. நீங்கள் வாங்கப்போகும் அம்பாசிடர் அநேகமாக இந்த இரண்டாவது கணக்கில்தான் வரும். பசுமை வரி தனி. தாமதமானால் மாதத்துக்கு 500 கூடுதல்; நான்கு வருஷம் முன் காலாவதியான புக் என்றால் அதுவே 24,000. இதைக் காகிதத்தில் கூட்டி விற்பவருக்குக் காட்டினால் பேச்சில்லாமல் விலை இறங்கும்.

பத்து வருஷ டீசலுக்குத் தடை என்று யாராவது பயமுறுத்தினால், அது டெல்லி வட்டாரத்துச் சமாச்சாரம்.

7. "விண்டேஜ்" பதிவு வேண்டாம்

50 வருஷம் தாண்டிய, மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 2021-இல் தனிப் பதிவு வந்தது. கட்டணம் 20,000, பத்து வருஷம் செல்லும். கேட்கக் கவுரவமாக இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டும். பழனிக்கும் பொள்ளாச்சிச் சந்தைக்கும் ஓட்டிப்போக நினைக்கிறவர் சாதாரணப் பதிவிலேயே இருங்கள்.

8. காப்பீட்டில் பதினோரு சி.சி. தரும் லாபம்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் சி.சி. பார்த்துத்தான். 2022 ஜூனில் அறிவித்த விகிதப்படி 1000-க்கு மேல் 1500 சி.சி. வரை ஆண்டுக்கு 3,416 ரூபாய். 1500-ஐத் தாண்டினால் 7,897. இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. தனி. 1489 சி.சி. வண்டி மயிரிழையில் கீழே நிற்கிறது. இசுசு இரண்டும் மேலே போய்விடுகின்றன. மாதம் இரண்டு நாள் ஓட்டும் வண்டிக்கு வருஷம் நாலாயிரத்துச் சொச்சம் வித்தியாசம் சும்மா இல்லை.

9. வாங்கிய முதல் மாதம்

பணத்தை எல்லாம் வண்டி விலையிலேயே கொட்டிவிடாதீர்கள். விலையில் மூன்றில் ஒரு பங்கு கையில் இருக்கட்டும்.

பெட்ரோல் வண்டியா, முதல் வேலை ரப்பர். இன்று பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ஹோஸ், பம்ப் டயாஃபிரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் இதில் ஊறி வெடிப்பு விடும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்; இன்ஜின் சூட்டில் பெட்ரோல் ஒழுகினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் டேங்க் அடியில் தண்ணீர் சேர்ந்து துருப்பிடிக்கும். ஆகவே வாரம் ஒருமுறையாவது இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள், வாசலில் நிறுத்தி ஸ்டார்ட் மட்டும் செய்வது கணக்கில் சேராது.

அடுத்து ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து கூலன்ட் ஊற்றுங்கள். பிரேக் சிலிண்டர் கிட், ஹோஸ். ஆயில், ஃபில்டர். ஃபேன் பெல்ட் ஒன்று உபரியாக டிக்கியில். பெட்ரோலுக்கு, தீப்பொறி வரவைக்கும் பாயிண்ட், கன்டன்சர், ரோட்டர் ஒரு செட், டீசலுக்கு ஒரு ஃபில்டர்.

இந்த வேலைகள் முடிந்து ஐந்நூறு கிலோமீட்டர் சமவெளியில் ஓடிய பிறகு மெக்கானிக்கிடம் மறுபடி காட்டுங்கள். ஹெட் போல்ட்டை மறுபடி முறுக்கி, டேப்பட் பார்த்துத் தருவார். வால்பாறைக்கு அப்புறம் கிளம்பலாம், ஆழியாறு செக்போஸ்ட்டுக்கு முன்னால் நிறுத்தி ஒருமுறை தண்ணீர் பார்த்துவிட்டு.